பெட்டி போன பிறகும் நிற்கிற கோடு

ஜூன் 18, புதன்

விடிந்ததிலிருந்து மழை. பால்கனிக் கதவு இடுக்கில் பழைய துண்டைத் திணித்தேன். அப்படியும் தரை ஈரம்.

இன்றைக்கு:
அரிசி, மிளகாய்த்தூள் சொல்ல வேண்டும்.
உம்மாவுக்குப் போன்.
வேலை: பழைய டேட்டாபேஸுக்கு ஈ.ஆர். படம் (எது எதோடு சேர்கிறது என்று பெட்டியும் கோடுமாகக் காட்டுவது), முதல் வரைவு. எந்தக் கருவியில் வரைவது என்று டீம் தலைவி ஹானிடம் கேட்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. தைராய்டு மாத்திரை கொண்டு வந்த பையன் மேலே வரமாட்டேன் என்றான். காவலாளியையும் காணோம். கணவரை இழந்து இத்தாவில் வீட்டோடு இருக்கிறவள் தேவைக்குப் பகலில் இறங்கலாம் என்று எனக்கு நானே மார்க்கத் தீர்ப்பாக ஒரு பத்வா கொடுத்துக்கொண்டு, வெள்ளைச் சேலை மேல் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். மாத்திரையை வாங்கியாயிற்று. திரும்பி லிஃப்டில் அட்டையை வைத்தால் சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. புறங்கையில் தேய்த்து வைத்தேன், அட்டைக்கு ஏதோ சூடு பிடிக்க வேண்டும் என்பது போல. சிவப்பு.

வரவேற்பு மேசையில் தாவ் என்ற பெண். நல்ல பெண். பெயரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். "சி சபூரா, உங்கள் பெயர் இல்லையே." சி என்றால் இந்த வியட்நாமில் அக்கா. அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே இல்லை என்கிறாள்.

போன் மேலே சார்ஜில். ஆண்கள் வருவதும் போவதுமாக இருக்கிற கூடத்தில், தூணோரம், ஈரச் செருப்போடு நின்றேன். இந்த ஊரிலும் துக்கத்துக்கு வெள்ளைதான். அதனால் யாரும் முறைக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அதுவும் தாங்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு விஜி காய்கறிப் பையோடு வந்தாள்.

"என்னப்பா, எவ்ளோ நேரமா இப்படி நிக்கிற? யார்கிட்டயாவது போன் வாங்கி ஒரு கால் பண்ணியிருக்கலாம்ல?"

அவள் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. எனக்கு மனப்பாடமான ஒரே நம்பர் என் கணவர் யூசுப் மச்சானுடையது.

ஜூன் 19, வியாழன்

தாவ் போன் செய்தாள். விஷயம் இதுதான். மச்சான் வேலை பார்த்த முந்திரிக் கம்பெனியிலிருந்து போன வாரம் கட்டிட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள்: எங்கள் ஊழியர் காலமானார், வாடகை ஒப்பந்தத்தை முடித்துவிடுங்கள் என்று. நல்ல எண்ணம்தான். எனக்கு அலைச்சல் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். ஒப்பந்தம் அவர் பெயரில். அதை மூடியதும் வீடு 'காலி' என்று மாறிவிட்டது. விளம்பரத்தில்கூட வந்துவிட்டதாம். சனிக்கிழமை ஒரு கொரியக் குடும்பம் பார்க்க வருகிறது.

"ஆனால் நான் உள்ளே இருக்கிறேன்," என்றேன்.

"தெரியும் சி. ஆனால் சிஸ்டத்தில் வீட்டில் யாருமில்லை."

கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த சிஸ்டத்தைத்தான் நாங்கள் மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கட்டிடத்தை நடத்தும் கம்பெனிதான் எங்கள் வாடிக்கையாளர். ஜனவரியில் ஹான் இந்த வேலையை எனக்குக் கொடுத்தபோது சிரித்தாள்: "நீ அங்கேயே குடியிருக்கிறாய், உன்னைவிட யாருக்குத் தெரியும்?" மச்சானும் சிரித்தார். "அந்தத் தண்ணி மோட்டரு சத்தத்தையும் உன் டப்பாவுல எழுது புள்ள."

மதியம் ஒன்றும் சாப்பிடவில்லை. தயிர் மட்டும்.

ஜூன் 20, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

பழைய டேட்டாபேஸைக் காட்டினால் தானே படம் போட்டுத் தரும் கருவி ஒன்று. அதை ஓட்டினேன். திரை முழுக்கப் பெட்டிகள், நூல்கண்டைப் பூனை இழுத்த மாதிரி கோடுகள். ஒவ்வொரு பெட்டியாக இழுத்துப் பிரித்து வைக்க ஜும்ஆ தொழுகை நேரம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இந்நேரம் அவர் டோங் யூ தெருப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார். வரும்போது மீன் வைத்த பான் மி ரொட்டி ஒன்று எனக்கு.

பிரித்த பிறகு கண்டுபிடித்தேன்.

'வீடு' ஒரு பெட்டி. 'ஒப்பந்தம்' ஒரு பெட்டி. 'குடியிருப்பாளர்' ஒரு பெட்டி. கோட்டின் நுனியில் சிறு வட்டம் இருந்தால், இல்லாமலும் இருக்கலாம் என்று அர்த்தம். குறுக்குக் கோடு இருந்தால் கட்டாயம் ஒன்று. மூன்று விரல் பிரிந்தால் பல. குடியிருப்பாளரிடமிருந்து ஒப்பந்தத்துக்குப் போகிற கோட்டில் வட்டமே இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் ஆளே இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கோட்டில் ஒரு விதி: ஒப்பந்தத்தை அழித்தால் அதில் தொங்குகிற குடியிருப்பாளர்களும் கூடவே அழிய வேண்டியது.

அதாவது அவரை எடுத்ததும் என்னையும் எடுத்துவிட்டது. யாரும் என்னை நீக்கவில்லை. அந்தக் கோடு நீக்கியது.

இன்னொன்றும் பார்த்தேன். நான் அவருடைய மனைவி என்று எங்கேயும் ஒரு வரி இல்லை. நான் மு. சபூரா பீவி, அவர் ஷா. யூசுப். எனக்கு என் தகப்பன் பெயரின் எழுத்து, அவருக்கு அவர் வாப்பா எழுத்து. பிள்ளைகளும் இல்லை. ஒரே ஒப்பந்தத்தில் தொங்கியது மட்டும்தான் எங்கள் இருவருக்கும் இருந்த சம்பந்தம். அது போனதும் டேட்டாபேஸுக்கு நாங்கள் யாரோ, யாரோ.

அழுதேன். பிறகு படத்தைச் சேமித்தேன். ஃபைல் பெயர்: பழையது_1.

ஜூன் 21, சனி

உம்மா நாகூரிலிருந்து. எடுத்ததும் அழுகை, பிறகுதான் பேச்சு.

"என்னாடி இது அநியாயம்! உன் மாப்பிள்ளை மவுத்தான வூட்டுலதானே நாலு மாசம் பத்து நாளும் இக்கணும். பாதியில எறங்கச் சொன்னா ஒருத்தி எங்கே போவா?"

"இறங்கல உம்மா. பேசிக்கிட்டு இக்கிறேன்."

"விஜி வூட்டுல இரேன்."

"அங்கே அவுஹ மாப்பிள்ளை இக்கிறாஹ. எப்படி இக்கிறது?"

உம்மா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சோறு ஆக்குறியா?" என்றாள். ஆக்குகிறேன் என்றேன். பொய்.

விசா எனக்குத் தனியாக இருக்கிறது, வேலை இருக்கிறது. நாட்டை விட்டுப் போகச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு வேண்டியது இந்த வீடு. இத்தா முடிகிற செப்டம்பர் வரைக்கும். அவர் கடைசியாகத் தேநீர்க் கோப்பையை வைத்த மேசை, எழ முயன்று பிடித்த கதவு நிலை. இங்கிருந்துதான் நான் அவரை அனுப்ப வேண்டும். மார்க்கம் சொல்கிறது என்பதற்காக மட்டுமில்லை. எனக்கே வேண்டும்.

கொரியக் குடும்பம் வந்தது. அழைப்பு மணி அடித்தது. நான் திறக்கவில்லை. வெளியே தாவின் குரல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஹான் நேற்று முழுக்க இதற்காக அலைந்திருக்கிறாள். என் டீம் தலைவி. ஐம்பது வயது, கட்டை முடி, பேச்சு குறைவு. கட்டிட மேலாளரிடம் நேரிலேயே போயிருக்கிறாள். வாடகை செப்டம்பர் பத்து வரை முன்பே கட்டியாகிவிட்டது, அதனால் அவருக்கும் மனத்தடை ஒன்றுமில்லை. ஆனால் புது ஒப்பந்தம் என் பெயரில் போட வேண்டுமென்றால் நான் கிளம்பி அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டும். மரணச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும், முத்திரை வாங்க வேண்டும். இத்தாவில் அது ஆகாது.

"இன்னொரு வழி இருக்கிறது," என்றாள் ஹான் போனில். "நம்மிடம் பழைய டேட்டாவின் நகல் இருக்கிறதே. அதிலிருந்து அந்த ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம். செப்டம்பர் பத்து வரை. அதோடு அழிந்த உன் பெயர் வரியும் தானே வந்துவிடும். மேலாளர் சரி என்கிறார். ஆனால்..."

"ஆனால்?"

"ஒப்பந்தம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் ஒப்பந்ததாரரும் 'குடியிருக்கிறார்' என்று இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் இரண்டே சொல்தான். குடியிருக்கிறார். காலி செய்தார்."

"போடுங்கள்" என்றேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அட்டை பச்சை. விஜிதான் கீழே கொண்டுபோய்ச் சோதித்துவிட்டு வந்தாள்.

உம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "மவுத்தானவுஹள உசுரோட இக்கிறதா எழுதி வைக்கிறதா? அல்லாவே! என்னா புள்ள இதெல்லாம்?" கம்ப்யூட்டர் அப்படித்தான் கேட்கிறது என்றேன். "கம்ப்யூட்டரு கேட்டா?" என்றாள்.

யாரிடமும் சொல்ல முடியாதது ஒன்று. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஷா. யூசுப். நிலை: குடியிருக்கிறார். மூடினேன். மறுபடி திறந்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

ஜூலை 8, செவ்வாய்

மழை, வெயில், மழை. துணி காயவில்லை. மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது.

புதுப் படத்துக்கான கருவி எது என்று வியாழனுக்குள் குறிப்பு எழுதித் தர வேண்டும். மீட்டிங்கில் எல்லாருக்கும் ஒரு கருத்து, எனக்கு ஒரு தலைவலி. எழுதி வைக்கிறேன்:

அ) பிரவுசரில் கையால் வரைகிறது. இலவசம். அழகு. தாவ் மாதிரி கணினி படிக்காதவர்களுக்கும் காட்டலாம். ஆனால் அதற்குப் பெட்டி என்றால் பெட்டி, கோடு என்றால் கோடு. அர்த்தம் தெரியாது. தப்பாக வரைந்தாலும் பேசாமல் இருக்கும்.

ஆ) டேட்டாபேஸைப் படித்துத் தானே போடுகிறது. பொய் சொல்லாது. ஆனால் இருப்பதைத்தான் காட்டும், இருக்க வேண்டியதைக் காட்டாது. பழையதைப் பார்க்க மட்டும்.

இ) எழுத்தாக எழுதினால் படமாக்கித் தருகிறது. டீமில் இருக்கிற மின் இதற்குத்தான் கொடி பிடிக்கிறான். படம் சுமார். பெட்டியை நமக்குப் பிடித்த இடத்தில் வைக்க விடாது. ஆனால் யார் எந்த வரியை எப்போது எடுத்தார்கள் என்று பின்னால் போய்ப் பார்க்கலாம்.

ஈ) பென்சில். முதலில் எப்போதும் இதுதான். குறிப்பில் எழுதினால் சிரிப்பார்கள்.

மின் புதிதாகச் சேர்ந்தவன், கெட்டிக்காரன். ஒல்லிக் குரல், எதற்கும் அவசரம். (அ)வைக் கிண்டல் செய்வதற்காகத் திரையைப் பகிர்ந்தான். "பாருங்கள், இந்தப் பெட்டியை அழிக்கிறேன். கோடு அப்படியே நிற்கிறது! ஒரு முனையில் ஒன்றுமே இல்லை, காற்றில் நிற்கிறது. இதெல்லாம் ஒரு கருவியா?" எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் (இ)யில் பெட்டியை எடுத்தால் கோடு அடுத்த நொடி படத்தில் இருக்காது.

நான் கேமராவை மூடித்தான் வைத்திருக்கிறேன், இத்தா முடியும் வரை. நல்லதாகப் போயிற்று. ஒரு முனையில் ஒன்றுமில்லாமல் நின்ற அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தைத் தடவினேன். நிக்காஹில் கட்டிய கருகமணி கிடந்த இடம். கழற்றியும் கை அங்கேயே போகிறது.

ஜூலை 17, வியாழன்

காலையில் மச்சான் போனில் கட்டிடச் செயலி மணி அடித்தது. அவர் போனை நான் அணைக்கவில்லை, சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டிட நிர்வாகத்திலிருந்து: 'அன்புள்ள திரு. யூசுப், இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். எங்களோடு இன்னும் பல்லாண்டு இனிதே வாழ்க.' பின்னால் வண்ணக் காகிதம் பறக்கிற படம்.

கொஞ்ச நேரம் கழித்து விஜி கையில் பூங்கொத்து. முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"கீழ குடுத்தாங்க சபூரா. அண்ணன் பேர் போட்டிருக்கு. அந்தப் புது செக்யூரிட்டிக்கு ஒண்ணும் தெரியல. நான் வாங்காம வந்திருக்கணும், தப்பு பண்ணிட்டேன்."

"குடு," என்றேன். மஞ்சள் சாமந்தி. வாங்கித் தண்ணீரில் வைத்தேன். பூவை என்ன செய்வது, பூ என்ன செய்தது?

அவர் இருந்திருந்தால் இதற்கு ஒரு வாரம் கிண்டல் ஓடியிருக்கும். பிறந்தநாள் கொண்டாடுகிற ஆளே இல்லை. சர்ட்டிபிகேட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதி, உண்மையான தேதி அவர் உம்மாவுக்கே நினைவில்லை. டேட்டாபேஸில் அதுதான் அசைக்க முடியாத தேதி.

எப்போதும் ஒரு கேள்வி கேட்பார், முந்திரியைக் கொறித்துக்கொண்டே என் திரைக்குப் பின்னால் நின்று: "எல்லாத்துக்கும் டப்பா போட்டுக் கோடு இழுக்குறியே, எனக்கு எந்த டப்பா?" நானும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்வேன். குப்பை டப்பா. முந்திரி டப்பா. ஒருநாளாவது ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாம். யா ரப்பே.

ஜூலை 29, செவ்வாய்

மீட்டிங். புது மாதிரியில் 'குடியிருப்பாளர் நிலை' என்ற கட்டத்துக்கு என்னென்ன சொற்கள் என்று பேச்சு. நான்தான் பேச வேண்டியவள், என் படம். பட்டியலைத் திரையில் போட்டேன். குடியிருக்கிறார். தற்காலிகமாக வெளியூர். காலி செய்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஹான். சும்மாதான் கேட்டாள், ஆனால் மெதுவாக.

சேர்க்க வேண்டியது ஒரே ஒரு சொல். வேலைதானே. மைக் அணைந்திருப்பதாகப் பாவனை செய்தேன்.

மின் குறுக்கே வந்தான். "இறந்துபோனால் என்ன என்று கேட்கிறீர்களா? அது எப்போதோ ஒன்று. அபூர்வம். அப்போது 'காலி செய்தார்' என்று போட்டால் போதும். அதற்கெல்லாம் தனியாக ஒரு நிலை வைத்தால் ஒவ்வொரு திரையிலும் வேலை கூடும்."

மற்றவர்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. யாரோ அவனுக்குத் தனியாகச் செய்தி தட்டியிருக்க வேண்டும். அவன் முகம் சின்னக் கட்டத்துக்குள் சிவந்தது, பிறகு அவன் கேமராவும் அணைந்துவிட்டது. பாவம். அவன் சொன்னது தப்புமில்லை. நானே இருபது வருடமாக இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்: எப்போதோ நடப்பதற்காகப் படத்தைக் கெடுக்காதே.

"நாளைக்குப் பார்க்கலாம்," என்று ஹான் முடித்துவிட்டாள்.

ஜூலை 30, புதன்

ஹான் வீட்டுக்கு வந்தாள். கையில் ரம்புத்தான் பழம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் அப்பாவைப் பற்றி இதுவரை சொன்னதில்லை. போர் முடிந்து ஊர் கைமாறிய சில வருடத்தில் ஒருநாள், நாட்டை விட்டுத் தப்பிக்கிறவர்களோடு படகு ஏறப் போனாராம். போய்ச் சேர்ந்தாரா, கடலில் போனாரா, தகவலே இல்லை. அப்போது வீட்டுக்கு வீடு குடும்பப் பதிவேடு. ரேஷன் அரிசிகூட அதைப் பார்த்துத்தான். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அப்பா பெயர். வார்டு ஆபீசிலிருந்து வந்து, பெயரை எடு, எடு என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

"அம்மா எடுக்கவில்லை. எடுத்தால் நான்தான் அவரைக் கொன்ற மாதிரி என்பாள். எனக்கு அப்போது கோபம். அவர் பெயர் இருந்ததால் எங்களுக்குத் தொல்லைதான். பிறகு ஒருநாள் அவர்களே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் போனார்கள். அம்மா அன்றைக்குத்தான் அழுதாள்."

பழத்தை உரித்து என் கையில் வைத்தாள். "அதனால் உன்னிடம் 'அந்தச் சொல்லைப் போட்டுத்தான் ஆக வேண்டும்' என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரோ ஒருத்தர் அடிப்பதற்கு முன்னால் நீயே உன் கையால் எழுதினால் நல்லது என்று தோன்றுகிறது. உனக்கு எப்போது முடியுமோ அப்போது."

பிறகு, "மின் ராத்திரி எனக்குப் போன் செய்து அழுதுவிட்டான்," என்றாள். அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: நீ சொன்னது தப்பில்லை, வேலையைப் பார்.

ரம்புத்தான் இனிப்பு. பத்துப் பழம் தின்றேன். அவர் போன அன்றைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. மிக்ஸி பழுது பார்த்தாயிற்று.

படத்தை முதலிலிருந்து போட்டேன். பென்சிலில். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்.

குடியிருப்பாளரை ஒப்பந்தத்திலிருந்து அவிழ்த்தேன். ஆள் ஆளாகவே இருக்கட்டும், தனிப் பெட்டி. நடுவில் 'தங்கல்' என்று ஒரு பெட்டி: யார், எந்த வீடு, எந்த ஒப்பந்தம், எப்போதிலிருந்து, எதுவரை. ஒப்பந்தம் முடிந்தால் தங்கலுக்குத் தேதி விழும். ஆள் அழியமாட்டார். அழி என்ற விதியே எங்கேயும் கிடையாது, அதை ஒவ்வொரு கோட்டிலும் எழுதினேன். ஒப்பந்ததாரர் இல்லாமல் போனால் வீட்டில் இருக்கிற வேறொருவருக்கு ஒப்பந்தம் மாற ஒரு வழி.

பிறகு 'உறவு' என்று ஒரு பெட்டி. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில். கணவர், மனைவி, பிள்ளை, பெற்றோர். தொடங்கிய தேதி. முடிந்த தேதி, அதன் பக்கத்தில் மட்டும் ஒரு சிறு வட்டம்.

நிலைகள்: குடியிருக்கிறார். தற்காலிகமாக வெளியூர். காலி செய்தார்.

காலமானார்.

எழுதிவிட்டேன். பென்சில் முனை உடையவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு முழுவதையும் (இ)யில் எழுத்தாகத் தட்டினேன். கருவி அதுதான் என்று போன மாதமே குறிப்பு கொடுத்துவிட்டேன். காரணம்: எடுத்தது, சேர்த்தது எல்லாவற்றுக்கும் தடயம் இருக்கும். மின் கைதட்டுகிற பொம்மைப் படம் அனுப்பினான்.

தாவுக்குக் காட்ட (அ)வில் ஒரு நகல். அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "அப்படியென்றால் இனிமேல் யாரையும் லிஃப்ட் வாசலில் நிற்க வைக்க வேண்டியதில்லையா சி?" என்றாள். இல்லை என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. அந்த நாளை அவளும் மறக்கவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

தேசிய தினம். விடுமுறை. பால்கனியிலிருந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு சிவப்புக் கொடி, நடுவில் மஞ்சள் நட்சத்திரம்.

ஏப்ரல் கடைசி விடுமுறையிலும் இதே கொடிகள். அன்றைக்கு ஆம்புலன்ஸ் எங்கெங்கோ சுற்றி வந்தது, பாதித் தெருக்கள் அடைத்திருந்தார்கள். அவர் தலை என் மடியில். கொடிகள் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்தன. அதற்குமேல் எழுத வரவில்லை.

இன்னும் சில நாளில் இத்தா முடிகிறது. முடியக் கூடாது என்று இருக்கிறது. இதற்குள் இருக்கிற வரைக்கும் நான் அவருடைய ஆள். அப்புறம் யார்?

உம்மா: "முடிஞ்சதும் ஊருக்கு வந்துடு." பார்க்கலாம் என்றேன். விஜி இதே கட்டிடத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருக்கிறாள், ஆறாவது மாடி, என் பெயரில். "சமையலுக்கு என் கிச்சன் இருக்கு, தூங்க ஒரு இடம் போதும்ல உனக்கு?" என்கிறாள். அதற்கும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று முடிந்தது. குளித்தேன். துஆ செய்தேன். விஜி பச்சைச் சேலை ஒன்று கொண்டு வந்தாள், கட்டிக்கொண்டேன்.

இன்று மச்சானை அடக்கிய கபுருக்குப் போனேன். விஜியும் ஹானும் கூட. கார் ஓட்டியவர் வழி தவறி இரண்டு தடவை திரும்பினார். மையவாடி ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களைத் தாண்டி. பள்ளிவாசலிலிருந்து ஒரு பெரியவர் வந்து வழி காட்டினார். அவர் பாட்டனார் காரைக்கால் பக்கமாம், இவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, குர்ஆனில் யாசீன் மட்டும் எங்கள் ஊர் ராகத்தில் ஓதுகிறார்.

சின்ன மண்மேடு. புல் முளைத்திருக்கிறது. கல்லில் பெயர் வியட்நாமிய எழுத்தில், ஒரு கொம்பு கூடுதலாக. மச்சான், நான் வந்துட்டேன் என்றேன். சத்தமாகத்தான். பிறகு இவ்வளவு நாள் வீட்டிலிருந்தே அழுததெல்லாம் வெறும் ஒத்திகை என்று தெரிந்தது.

திரும்பும்போது ஹான் காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. அட்டைப் பெட்டிகள் எட்டு. சமையல் சாமான் விஜி வீட்டில். ஆறாவது மாடிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். உம்மா கோபம். சரியாகிவிடும்.

இன்று பழைய டேட்டாவைப் புதிய மாதிரிக்கு மாற்றும் நாள். எல்லாம் தானே ஓடியது. ஒரே ஒரு வரியை மட்டும் நான் கையால் மாற்றுகிறேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். மின்னும் ஹானும் இணைப்பில். இன்று கேமரா போட்டிருந்தேன்.

ஷா. யூசுப். நிலை: குடியிருக்கிறார். அதைச் சொடுக்கினேன், பட்டியல் இறங்கியது. காலமானார். அந்தச் சொல் கிடைத்த முதல் ஆள் அவர்தான். தங்கல்: இந்த வீடு, எதுவரை என்பதில் ஏப்ரல் தேதி. சேமி. அழுத்தியது என் விரல்தான்.

உறவு. சபூரா பீவி, யூசுப். கணவர். தொடங்கிய தேதி: எங்கள் நிக்காஹ் நாள். அதைத் தட்டிச் சேமித்தேன். டப்பா கேட்டார் இல்லையா, இதோ, என்னோடு ஒரே டப்பாவில்.

கடைசியாக மின் சரிபார்ப்பு ஓட்டினான். எல்லாம் சுத்தம், ஒன்றே ஒன்று தவிர. தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சி சபூரா, உறவில் ஒரு வரி. ஒரு பக்கம் 'காலமானார்' என்று இருக்கிறது, ஆனால் முடிந்த தேதி காலியாக இருக்கிறது. விட்டுப்போய்விட்டதா?"

படத்தில் அந்த இடத்தில் நான் வட்டம் போட்டிருக்கிறேன் என்றேன். இல்லாமலும் இருக்கலாம்.